பாரிஸில் எந்த டிக்கெட்? முதலில் கிழமையைப் பாருங்கள்

பாரிஸுக்கு நான்கு நாள் போகும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று செவ்வாய் காலை இறங்கி வெள்ளி மாலை கிளம்புகிறது. மற்றது வெள்ளி இறங்கித் திங்கள் கிளம்புகிறது. தங்கும் நாளும் ஒன்றுதான், மெட்ரோவில் ஏறும் தடவையும் ஒன்றுதான். ஆனால் போக்குவரத்துச் செலவு முதல் குடும்பத்துக்குத் தலைக்கு 36.60 யூரோ, இரண்டாவதுக்கு 58 யூரோ. நான்கு பெரியவர்கள் என்றால் 85 யூரோவுக்கு மேல் வித்தியாசம். பாரிஸின் வாரப் பாஸ் திங்கள் நள்ளிரவில் தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடிவதுதான் இதற்குக் காரணம். வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்ற கணக்கு அங்கே கிடையாது. ஆகவே எத்தனை நாள் பாஸ் எடுப்பது என்று யோசிக்கும் முன், விமானம் எந்தக் கிழமை இறங்குகிறது என்று பாருங்கள். டிக்கெட் இன்னும் வாங்கவில்லை என்றால் கிழமையையே மாற்றலாம்.

இங்கே வரும் எல்லாத் தொகையும் 2025ஆம் ஆண்டுக் கட்டணம். ஒவ்வொரு ஜனவரியிலும் கொஞ்சம் ஏறும். ஏறினாலும் எது லாபம், எது நஷ்டம் என்ற வரிசை பெரிதாக மாறாது.

கையில் இருக்கும் வழிகள்

2025 ஜனவரியில் கட்டண முறையையே எளிமையாக்கிவிட்டார்கள். முன்பு தூரத்துக்குத் தூரம் மாறிய புறநகர் ரயில் கட்டணம் இப்போது இல்லை. மெட்ரோ, புறநகர் ரயில், நகரையும் புறநகரையும் இணைக்கும் ஆர்இஆர் விரைவு ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், 2.50 யூரோ. நகருக்குள் இரண்டு நிறுத்தம் போனாலும், ஆர்இஆர் சி பிடித்து வெர்சாய் அரண்மனைக்குப் போனாலும், ஆர்இஆர் ஏ பிடித்து டிஸ்னிலேண்டுக்குப் போனாலும் அதே 2.50தான். பழைய வழிகாட்டிகளில் வெர்சாய்க்குத் தனி டிக்கெட் வாங்கச் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். பேருந்துக்கும் டிராமுக்கும் வேறு டிக்கெட், 2 யூரோ. விமான நிலையத்துக்குப் போகவும் அங்கிருந்து வரவும் தனி டிக்கெட், ஒரு வழிக்கு 13 யூரோ.

இவற்றுக்கு மேல் மூன்று பாஸ்கள். நாவிகோ ஜூர் என்ற நாள் பாஸ் 12 யூரோ. நாவிகோ செமென் என்ற வாரப் பாஸ் 31.60. பயணிகளுக்கென்றே விற்கும் பாரி விசித் ஒரு நாளுக்கு 29.90, இரண்டு நாளுக்கு 44.45, மூன்று நாளுக்கு 60.70, ஐந்து நாளுக்கு 76.25.

லண்டனுக்குப் போய்வந்தவர்கள் வங்கி அட்டையைத் தட்டிவிட்டு மெட்ரோவுக்குள் நுழையலாம் என்று நினைப்பார்கள். பாரிஸ் மெட்ரோக் கதவு அதற்குத் திறக்காது. காகித டிக்கெட் காலமும் முடிந்துவிட்டது. ஒன்று பிளாஸ்டிக் அட்டையில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் போனில் ஏற்ற வேண்டும்.

வாரப் பாஸ்: கிழமை ஒத்துவந்தால் இதற்கு ஈடில்லை

31.60 யூரோவுக்கு நாவிகோ செமென் தருவது அதிகம். பாரிஸும் அதைச் சுற்றிய மாகாணமும் முழுக்க அடங்கும். வெர்சாய், டிஸ்னிலேண்ட் போய்வரலாம். பேருந்து, டிராம், மெட்ரோ எதில் வேண்டுமானாலும் மாறி மாறி ஏறலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், சார்ல் து கோல் விமான நிலையத்தின் ஆர்இஆர் பி ரயிலும், ஓர்லி விமான நிலையத்தின் மெட்ரோ 14உம் இதில் சேர்த்தி. போக 13, வர 13 என்று 26 யூரோ அங்கேயே மிச்சம்.

அதாவது வருகையும் புறப்பாடும் ஒரே திங்கள்-ஞாயிறுக்குள் விழுந்தால், போனில் ஏற்றுகிறவர் நகருக்குள் மூன்று முறை மெட்ரோ ஏறினாலே பாஸ் லாபம். அட்டை வாங்குகிறவருக்கு நான்கு முறை. இரண்டே நாள் தங்கினாலும் இந்தக் கணக்கு நிற்கும். ஏழு நாள் பாஸை இரண்டு நாளுக்கு வாங்குவதா என்று மனம் கொஞ்சம் தயங்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

விற்கும் நாளுக்கும் ஒரு விதி உண்டு. நடப்பு வாரத்துக்கான பாஸை வியாழன் வரைதான் விற்பார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து இயந்திரம் காட்டுவது அடுத்த திங்களில் தொடங்கும் பாஸ். வெள்ளி காலை இறங்கி, அவசரத்தில் தேதியைப் படிக்காமல் பணம் கட்டினால், திங்கள் வரை கதவு திறக்காத பாஸ் ஒன்று கையில் இருக்கும். திரையில் வரும் தொடக்கத் தேதியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அட்டையிலும் ஒரு சிக்கல். வாரப் பாஸை நாவிகோ ஈஸி என்ற 2 யூரோ அட்டையில் ஏற்ற முடியாது. அதற்கு நாவிகோ டெகூவெர்த் என்ற 5 யூரோ அட்டை வேண்டும். நிலையத்தின் கவுண்டரில் கேட்டால் தருவார்கள். கூடவே ஒரு காகிதத் துண்டு வரும். அதில் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, 25க்கு 30 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம் ஒட்ட வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு எடுத்த 35க்கு 45 மில்லிமீட்டர் படம் மீதமிருந்தால் முகத்தைச் சுற்றி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு படம், ஒரு சிறிய கத்தரி, கொஞ்சம் பசை. இவை பெட்டியில் இருந்தால் நிலையத்தில் புகைப்பட இயந்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். கத்தரியும் பசையும் சரக்குப் பெட்டியில் போகட்டும், கைப்பையில் வேண்டாம். படம் ஒட்டாத அட்டையில் பணம் கட்டிய பாஸ் இருந்தாலும் பரிசோதகர் அபராதம் போடுவார். சுற்றுலாப் பயணி என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள். இந்த அட்டை ஒருவருக்கே உரியது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது.

போனில் ஏற்றினால் படமும் வேண்டாம், 5 யூரோவும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் சில ஆண்டுகளாகவே உண்டு. ஐபோனில் 2024 மே முதல் வந்தது. இல் து பிரான்ஸ் மொபிலிதே என்ற அரசுப் போக்குவரத்துச் செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும். ஒரு போனுக்கு ஒரு ஆள் என்பது இங்கே கண்டிப்பு. அப்பா போனைத் தட்டி அம்மாவையும் உள்ளே அனுப்ப முடியாது. வங்கி அட்டைக்கு ஓடிபி வரும் என்பதால், இந்திய சிம் வைத்திருப்பவர்கள் ஊரில் இருக்கும்போதே வாங்கி முடித்துவிடுவது நல்லது. விமான நிலையத்தில் ரோமிங் வேலை செய்யாமல் ஓடிபிக்குக் காத்து நிற்பது பெரிய தொல்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அட்டையைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கிழமைக் கணக்கு

நாளுக்கு நான்கு மெட்ரோப் பயணம், வந்த நாளும் கிளம்பும் நாளும் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். பாரிஸில் நன்றாக நடக்கிறவர்களுக்கு இதுவே அதிகம்.

திங்கள் முதல் வியாழனுக்குள் இறங்கி, அந்த ஞாயிறுக்குள் கிளம்பினால் யோசிக்கவே வேண்டாம். வாரப் பாஸ், அட்டையோடு 36.60.

வெள்ளி இறங்கித் திங்கள் கிளம்பினால் வாரப் பாஸுக்கு வேலை இல்லை. விமான நிலையத்துக்கு 26, பன்னிரண்டு மெட்ரோ டிக்கெட்டுக்கு 30, ஈஸி அட்டைக்கு 2. மொத்தம் 58. கடைசித் திங்களுக்கு மட்டும் வாரப் பாஸ் எடுத்தாலும் தேறாது. அன்றைய செலவே 18 யூரோதான்.

சனி இறங்கி அடுத்த சனி கிளம்புவது குடும்பங்கள் அதிகம் எடுக்கும் பயணம். தனி டிக்கெட்டிலேயே ஓட்டினால் 98 யூரோ வரும். சனி, ஞாயிறுக்குத் தனி டிக்கெட், திங்களிலிருந்து வாரப் பாஸ் என்று பிரித்தால் 66.60. வாரப் பாஸை வெள்ளி முதலே வாங்கலாம் என்பதால் இறங்கிய அன்றே கவுண்டரில் இரண்டு அட்டையையும் வாங்கி, இரண்டாவதில் அடுத்த வாரத்தை ஏற்றிப் பையில் வைத்துவிடலாம். ஞாயிறு இரவு வரிசையில் நிற்கத் தேவையில்லை.

வியாழன் இறங்கி அடுத்த செவ்வாய் கிளம்புகிறவர்களுக்குத்தான் கணக்கு இழுபறி. முதல் நான்கு நாளுக்கு வாரப் பாஸ் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பிந்தைய இரண்டு நாளுக்கு விமான நிலைய டிக்கெட்டும் ஆறு மெட்ரோ டிக்கெட்டும் புதிய ஈஸி அட்டையும் சேர்ந்து 30. அதே அட்டையில் இன்னொரு வாரம் ஏற்றினால் 31.60. ஒன்றரை யூரோவுக்காக இரண்டாவது அட்டையைச் சுமக்காமல் வாரத்தையே ஏற்றிவிடுவதுதான் மேல். பேருந்திலும் கணக்குப் பார்க்காமல் ஏறலாம்.

ஞாயிறு மாலை இறங்கும் விமானமும் திங்கள் காலை இறங்கும் விமானமும் ஏறக்குறைய ஒரே விலை என்றால் திங்களை எடுங்கள். ஓட்டலுக்கு ஓர் இரவும் மிச்சம்.

தனி டிக்கெட்டின் பொறிகள்

வார இறுதியில் வருகிறவர்களுக்குத் தனி டிக்கெட்டே சரி. நாவிகோ ஈஸி அட்டையில் பெயரும் படமும் கிடையாது. பயணம் முடிந்ததும் அடுத்து வரும் உறவினருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் பயணத்தின்போது ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். நால்வருக்கான டிக்கெட்டையும் ஒரே அட்டையில் ஏற்றி, மாறி மாறித் தட்டி உள்ளே போக முடியாது.

மெட்ரோ டிக்கெட் முதலில் தட்டியதிலிருந்து இரண்டு மணி நேரம் செல்லும். அதற்குள் மெட்ரோவிலிருந்து ஆர்இஆருக்கும் புறநகர் ரயிலுக்கும் மாறலாம். பேருந்துக்கு மாற முடியாது. பேருந்து டிக்கெட் ஒன்றரை மணி நேரம், பேருந்துக்கும் டிராமுக்கும் இடையே மட்டும். ஓட்டல் மெட்ரோவிலிருந்து தள்ளி இருந்து, தினமும் பேருந்து பிடித்து மெட்ரோவுக்கு வர வேண்டும் என்றால் ஒவ்வொரு பயணமும் 4.50 ஆகிவிடும். புறநகரில் மலிவு ஓட்டல் எடுக்கிறவர்கள் இதைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்று அட்டைக்குள்ளேயே இருக்கிறது. விமான நிலைய டிக்கெட்டும் மெட்ரோ டிக்கெட்டும் ஒரே ஈஸி அட்டையில் ஒரே சமயத்தில் இருக்க முடியாது. சார்ல் து கோலில் விமான நிலைய டிக்கெட்டை ஏற்றிய கையோடு பத்து மெட்ரோ டிக்கெட்டும் ஏற்றப் பார்த்தால் இயந்திரம் மறுக்கும். இயந்திரம் பழுது என்று நினைத்து அடுத்ததற்குப் போவார்கள், அதுவும் மறுக்கும். முதலில் நகருக்கு வந்து சேருங்கள், பிறகு மெட்ரோ டிக்கெட்டை ஏற்றுங்கள். திரும்பும்போது மெட்ரோ டிக்கெட் தீர்ந்த பிறகுதான் விமான நிலைய டிக்கெட் ஏறும். மீதம் வராமல் இருக்க, கடைசி இரண்டு நாளுக்குத் தேவையான அளவு மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மெட்ரோ டிக்கெட்டை வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஆர்இஆர் ஏறினால் ஏறும்போது கதவு திறக்கும். பிரச்சினை இறங்கும் இடத்தில். அங்கேயும் கதவு உண்டு, பரிசோதகர்களும் உண்டு.

நாள் பாஸும் பாரி விசித்தும்

நாள் பாஸ் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. விமான நிலையம் சேராது. ஐந்து தடவையாவது ஏறும் நாளில் லாபம். பேருந்தும் மெட்ரோவும் கலந்து மூன்று பயணம் போனாலும் 13.50 ஆகிவிடும் என்பதால், தள்ளித் தங்கியிருப்பவர்களுக்கு வார இறுதியில் இது உதவும்.

பாரி விசித்தை வாங்க நல்ல காரணம் கண்டுபிடிப்பது கடினம். விமான நிலையம் சேர்த்தி, எந்தக் கிழமையும் தொடங்கலாம் என்ற இரண்டும் உண்மை. ஆனால் மேலே சொன்ன வெள்ளி-திங்கள் பயணத்துக்கு நான்கு நாள் பாரி விசித் கிடையாது. ஐந்து நாள் பாஸுக்கு 76.25 கட்ட வேண்டும், தனி டிக்கெட்டில் 58. ஒரே நாளில் விமான நிலையத்திலிருந்து வந்து, ஊர் சுற்றி, அன்றே திரும்பும் இடைவேளைப் பயணிக்கு மட்டும் ஒரு நாள் பாரி விசித் தேறும். சில சுற்றுலா இடங்களில் தள்ளுபடி என்று விளம்பரம் செய்வார்கள். அந்த இடங்களுக்குப் போவதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தால் ஒழிய அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

குழந்தைகள்

நான்கு வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். நான்கு முதல் ஒன்பது வயது வரை தனி டிக்கெட் பாதி விலை: மெட்ரோ 1.25, விமான நிலையம் 6.50. வாரப் பாஸில் இந்தச் சலுகை இல்லை. அதனால் பெரியவர்களுக்கு லாபமான பாஸ் குழந்தைக்கு நஷ்டம் ஆகலாம். விமான நிலையம் போக வர 13 போக, மீதமுள்ள தொகைக்குக் குழந்தை பதினான்கு தடவை மெட்ரோ ஏறலாம். நான்கு நாள் பயணத்தில் அவ்வளவு வராது. பெற்றோருக்கு வாரப் பாஸ், பிள்ளைக்குத் தன் பெயரில்லாத ஈஸி அட்டையில் பாதி விலை டிக்கெட் என்பதே சரியான கலவை. இயந்திரத்தில் டிக்கெட் எடுக்கும்போது தரிஃப் ரெத்வி என்ற சலுகைக் கட்டணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து வயது ஆகிவிட்டால் முழு விலை.

விமான நிலையத்திலிருந்து: ரயிலா, டாக்சியா?

13 யூரோ டிக்கெட் வந்த பிறகு இந்தக் கேள்விக்கான விடை மாறிவிட்டது. பாரிஸ் டாக்சிக்குச் சட்டப்படி நிலையான கட்டணம் உண்டு. சார்ல் து கோலிலிருந்து சேன் ஆற்றின் வடகரைக்கு 56, தென்கரைக்கு 65. ஓர்லியிலிருந்து தென்கரைக்கு 36, வடகரைக்கு 45. இரவு, ஞாயிறு, நெரிசல், பெட்டி எதற்கும் கூடுதல் இல்லை. ஐந்தாவது ஆளுக்குத் தனிக் கட்டணம்.

ஓர்லியில் இறங்கி தென்கரையில் தங்கும் மூன்று பெரியவர்களுக்கு மெட்ரோ 39 யூரோ, டாக்சி 36. டாக்சியே மலிவு. சார்ல் து கோலில் நான்கு பெரியவர்களுக்கு ரயில் 52, வடகரைக்கு டாக்சி 56. நான்கு யூரோவுக்குப் பெட்டிகளோடு படி ஏற வேண்டியதில்லை. ஆனால் அதே நால்வரும் எப்படியும் வாரப் பாஸ் வாங்கப் போகிறார்கள் என்றால் ரயில் அவர்களுக்கு இலவசம் மாதிரிதான். அப்போது டாக்சியின் 56ம் முழுக் கூடுதல் செலவு. தனி ஆளும் தம்பதியும் ரயிலிலேயே போகலாம்.

டாக்சி எடுக்கிறவர்கள் வெளியே அதிகாரபூர்வ வரிசையில் மட்டும் நில்லுங்கள். வருகைக் கூடத்துக்குள் வந்து, டாக்சி வேண்டுமா என்று கேட்பவர் யாராக இருந்தாலும் வேண்டாம். நிலையான கட்டணம் பாரிஸ் நகர எல்லைக்குள் மட்டும் செல்லும். லா கூர்நெவ் என்ற புறநகரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு நேராகப் போனால் மீட்டர் ஓடும். அந்த ஊருக்கு ஆர்இஆர் பி நேராகவே போகும்: லா கூர்நெவ்-ஒபெர்வில்லியே நிலையம். எல்லாப் புறநகர் நிலையங்களிலும் நிற்கும் ரயிலைப் பார்த்து ஏற வேண்டும், நேர் வண்டி அங்கே நிற்காது.

லாசப்பல் பகுதிக்குப் போகிறவர்கள் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும். நிலையத்தோடு நிலத்தடி வழியாகவே மெட்ரோ 2இன் லா சப்பல் நிலையம் இணைந்திருக்கிறது. பெட்டி கனமில்லை என்றால் ஃபோபூர் சேன் தெனி வீதி வழியே நடந்தே போய்விடலாம். தமிழ்க் கடைகள் வரிசையாக வரும் வீதியும் அதுதான்.

காசைவிட நேரம் தாராளமாக இருப்பவர்களுக்கு இரண்டு மலிவு வழிகள். சார்ல் து கோலிலிருந்து 350, 351 எண் சாதாரணப் பேருந்துகள் 2 யூரோ டிக்கெட்டில் ஓடுகின்றன. 351 நாசியோன் வரை வரும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெட்டி வைக்க இடமும் இருக்காது. ஓர்லியில் டிராம் 7 பிடித்து வில்ஜுய்ஃப்-லூயி அரகோன் வந்து மெட்ரோ 7க்கு மாறினால் 2ம் 2.50ம் சேர்ந்து 4.50. மெட்ரோ 7 அங்கிருந்து கார் து லெஸ்ட் வழியாக லா கூர்நெவ் வரை மாறாமல் போகும். மெட்ரோ 14 நகர மையத்துக்கு அரை மணி நேரத்துக்குள் கொண்டுவரும். டிராம் வழிக்கு அதைப் போல இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓர்லிபஸ் என்று பழைய குறிப்புகளில் பார்த்தால் தேடாதீர்கள், 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். போவே விமான நிலையத்தில் இறங்கும் மலிவு விமானங்களுக்கு மேலே சொன்ன எந்தப் பாஸும் செல்லாது. அதன் தனிப் பேருந்துக்குத் தனிக் காசு.

ஆர்இஆர் பி

காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை இந்த ரயில் பிதுங்கும். பைத் திருட்டும் இந்தத் தடத்தில் வழக்கம். கதவோரத்தில் போனைக் கையில் பிடித்து நிற்காதீர்கள். கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இரவு பதினொன்றுக்கு மேலும், சில வார இறுதிகளிலும் பராமரிப்பு வேலைக்காக ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவது அடிக்கடி நடக்கும். இரவு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் முந்திய நாளே செயலியில் பார்த்துவிட வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து வரும்போது தவறு செய்ய வழியில்லை, எல்லா ரயிலும் பாரிஸுக்குத்தான். திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். ஒல்னே-சூ-புவாவில் தடம் இரண்டாகப் பிரியும். ஒன்று விமான நிலையத்துக்கு, மற்றது மித்ரி-கிளேக்கு. நடைமேடைப் பலகையில் ரயிலுக்கு நான்கெழுத்துப் பெயர் இருக்கும். வடக்கே போகும் ரயிலில் அது ஈ (E) எழுத்தில் தொடங்கினால் விமான நிலையம், ஐ (I) எழுத்தில் தொடங்கினால் மித்ரி. தவறி ஏறிவிட்டால் ஒல்னேக்குள் இறங்கி அடுத்த வண்டிக்கு மாறிவிடலாம், டிக்கெட்டுக்குச் சேதமில்லை.

விமான நிலையத்துக்குள் இரண்டு நிலையங்கள். முதலில் வருவது டெர்மினல் 1க்கும் 3க்கும், கடைசியில் வருவது டெர்மினல் 2க்கும். உங்கள் டெர்மினல் எண்ணை ரயில் ஏறும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாறி இறங்கிவிட்டால் சிடிஜிவால் என்ற ஓட்டுநரில்லா ரயில் டெர்மினல்களுக்கிடையே இலவசமாக ஓடுகிறது. சில நிமிடம்தான் எடுக்கும்.